டொரண்ட் வேகக் குறைவு

இணைய இணைப்பு வேகமாக இருந்தும் டொரண்ட் வழிப் பதிவிறக்கம் மட்டும் ஊர்ந்து நகர்வது டொரண்ட் வேகக் குறைவு எனப்படும். வேகச் சோதனையில் 100 மெகாபிட் காட்டும், காணொளி தடங்கலின்றி ஓடும், ஆனால் டொரண்ட் மென்பொருளில் நொடிக்குச் சில பத்து கிலோபைட்டுக்கு மேல் ஏறாது. உடனே பழி டவர் மீதும் திட்டத்தின் மீதும் விழுகிறது. பெரும்பாலும் இரண்டும் காரணமல்ல. வெளியிலிருந்து எத்தனை கணினிகள் நம்மை வந்தடைய முடிகிறது, நாம் எவ்வளவு திருப்பித் தருகிறோம் என்பவையே டொரண்டின் வேகத்தை முடிவு செய்கின்றன. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் ஊர்களில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீடுகளில் இவை இரண்டுமே சேர்ந்து அடிபடுகின்றன.

முதலில் அளவைப் பற்றிய ஒரு தெளிவு. திட்டங்கள் மெகாபிட்டில் விற்கப்படுகின்றன. டொரண்ட் மென்பொருள் மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 100 மெகாபிட் இணைப்பின் உச்சம் நொடிக்கு 12.5 மெகாபைட். திரையில் 11 வந்தால் குறை ஏதுமில்லை. நாள் ஒதுக்கீடு தீர்ந்த கைப்பேசித் திட்டங்கள் பலவற்றில் வேகம் 64 கிலோபிட்டுக்கு, அதாவது நொடிக்கு 8 கிலோபைட்டுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் 700 மெகாபைட் கோப்பு இறங்க ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். வேறெதையும் ஆராயும் முன் ஒதுக்கீடு மீதமிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பங்கீடு நடக்கும் விதம்

பிட்டொரண்ட் நெறிமுறையை அமெரிக்க நிரலாளர் பிராம் கோஹன் 2001-இல் உருவாக்கினார். இதில் கோப்பு ஒரே வழங்கியிலிருந்து வருவதில்லை. பல துண்டுகளாகப் பிரிந்து, அதை ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடமிருந்தும் இறக்கிக்கொண்டிருப்பவர்களிடமிருந்தும் ஒரே நேரத்தில் வருகிறது. முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு பகிர்பவர் சீடர். தொடக்கக்கால மென்பொருள் ஒவ்வொரு கணினியிலும் நான்கு பேருக்கு மட்டும் பதிவேற்ற இடம் ஒதுக்கியது. தனக்கு யார் அதிகம் தருகிறார்கள் என்று 10 நொடிக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து அவர்களுக்கே தரும். புதியவர் ஒருவருக்கு 30 நொடிக்கு ஒருமுறை வாய்ப்பளிக்கும். இன்றைய மென்பொருள்கள் இடங்களின் எண்ணிக்கையை மாற்றியிருந்தாலும் கைமாறு என்ற அடிப்படை மாறவில்லை.

பழவேற்காட்டு ஏரியில் மீனவச் சமூகத்தினரான பட்டினவரின் ஊர்கள் பின்பற்றிவந்த பாடு முறையோடு இதை ஒப்பிடலாம். எந்த இடத்தில் யார் எப்போது வலை இறக்குவது என்பதை அங்கே ஊரே முறைவைத்துப் பங்கிடுகிறது. ஊரின் உரிமையுள்ளவர் என்பதாலேயே ஒருவருக்கு முறை வருகிறது. டொரண்டில் கொடுத்தவருக்கே முறை. செலவை மிச்சப்படுத்துவதாக எண்ணிப் பதிவேற்றத்தைச் சுழியத்துக்கு அருகில் வைப்பவர் தம் பதிவிறக்கத்தையே நெரித்துக்கொள்கிறார். சீடர்கள் நிறைய உள்ள கோப்பில் இது அவ்வளவாகத் தெரியாது. இறக்குபவர்களே மிகுதியாக உள்ள கோப்பில் கடுமையாகத் தெரியும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பதிவேற்றத்துக்கு வரம்பே வைக்காவிட்டால் மேல்நோக்கிய பாதை நிரம்பிவிடும். இறங்கிய தரவு வந்து சேர்ந்தது என்று அனுப்ப வேண்டிய ஒப்புகைகளும் அதே வரிசையில் காத்துக்கிடக்க, பதிவிறக்கம் தானே சரியும். அளந்து பார்த்த பதிவேற்ற வேகத்தில் முக்கால் பங்கிலிருந்து 80 விழுக்காடு வரை வரம்பு வைப்பது பொதுவாகப் பலன் தரும். பதிவேற்றம் 2 மெகாபிட் என்றால் அது நொடிக்கு 250 கிலோபைட். வரம்பை 200-இல் வைக்கலாம்.

கோப்பா, இணைப்பா?

குறை எந்தப் பக்கம் என்பதை ஒரே சோதனையில் பிரித்தறியலாம். டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸின் நிறுவல் கோப்பை டொரண்ட் வழியாக இறக்கிப் பாருங்கள். உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் தன்னார்வலர்களும் அவற்றைப் பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அது வேகமாக இறங்கினால் நம் இணைப்பில் பழுதில்லை. மெதுவாக இருக்கும் மற்றக் கோப்புக்குத்தான் ஆளில்லை. மென்பொருள் காட்டும் ‘கிடைப்பு’ எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் முழுக் கோப்பு அப்போது இணைந்திருப்பவர் அனைவரிடமும் சேர்த்துக்கூட இல்லை. 99 விழுக்காட்டில் நின்றுபோகும் பதிவிறக்கங்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அமைப்புகளை எவ்வளவு மாற்றினாலும் அது நகராது. லினக்ஸ் கோப்பும் ஊர்ந்தால்தான் நம் பக்கத்தை ஆராய வேண்டும்.

பகிரப்பட்ட முகவரி

ஆராயும்போது முதலில் பார்க்க வேண்டியது வெளியிலிருந்து நம் கணினிக்கு வழி திறந்திருக்கிறதா என்பதுதான். வழி மூடியிருந்தால் நாம் பிறரைத் தேடிப் போக முடியும், பிறர் நம்மைத் தேடி வர முடியாது. இரு பக்கமும் மூடியிருந்தால் பொதுவாக இணைப்பே ஏற்படாது. ஆயிரம் பேர் உள்ள கூட்டத்திலும் சிலரோடு மட்டுமே பேச முடிகிற நிலை இப்படித்தான் உருவாகிறது.

வீட்டு ரவுட்டர் மட்டுமே தடை என்றால் தீர்வு எளிது. ரவுட்டரில் வழியைத் தானாகத் திறக்கும் யு.பி.என்.பி. வசதியை இயக்கலாம், அல்லது டொரண்ட் மென்பொருள் பயன்படுத்தும் போர்ட்டை (இணைப்பு வாயில் எண்ணை) கணினிக்குத் திருப்பிவிடலாம். பழைய 6881 முதல் 6889 வரையான போர்ட்டுகளைத் தவிர்த்து 49152-க்கு மேல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கைப்பேசி இணையத்தில் இது பலிக்காது. ஐ.பி.வி4 முகவரிகள் போதாததால் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிடுகின்றன. சி.ஜி.நாட் எனப்படும் இந்த ஏற்பாட்டுக்கென்றே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையான முகவரிகள் 2012-இல் ஒதுக்கப்பட்டன. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி இதற்குள் இருந்தாலோ, ‘என் ஐ.பி. என்ன’ என்று காட்டும் தளத்தின் முகவரியோடு பொருந்தாவிட்டாலோ பூட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்று பொருள். வீட்டு ரவுட்டரில் எந்த போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. மேலும், ஒரு வாடிக்கையாளர் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய போர்ட்டுகளுக்கும் இதில் வரம்பு வைக்கப்படுவதுண்டு. மென்பொருளில் மொத்த இணைப்புகளை 500-இலிருந்து 150, 200 என்று குறைத்தால் வேகம் கூடுவதற்கு இது ஒரு காரணம். மலிவான ரவுட்டர்களின் நினைவகம் திணறாமல் இருப்பது இன்னொன்று.

முகவரிப் பற்றாக்குறை இல்லாத ஐ.பி.வி6 இதற்கு நேர்வழி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு ஐ.பி.வி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசைக்கு வந்தது. டொரண்ட் மென்பொருளில் ஐ.பி.வி6 இயங்குகிறதா, ரவுட்டரின் தீயரண் உள்வரும் இணைப்பை விடுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். கண்ணாடி இழை இணைப்பு எடுத்தவர்கள் நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேட்டுப் பெறலாம். பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

வி.பி.என். சேவை போர்ட் திருப்பிவிடும் வசதி தந்தால் மட்டுமே இங்கே உதவும். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த பதிவு வைப்பு விதிகளையடுத்துப் பெரிய வி.பி.என். நிறுவனங்கள் சில தம் வழங்கிகளை இந்தியாவிலிருந்து அகற்றின. ஆகவே தரவு வெளிநாடு போய்த் திரும்பும் தாமதமும் சேர்கிறது.

நீர்ப்பரப்பும் டவரும்

லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் போன்ற ஊர்கள் ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் உள்ளன. டவரிலிருந்து தொலைவு கூடும் இத்தகைய இடங்களில் இறக்கமும் ஏற்றமும் ஒரே அளவில் குறைவதில்லை. 4ஜி கைப்பேசி உமிழும் திறன் அதிகபட்சம் சுமார் 0.2 வாட், டவரின் திறன் பல வாட். டவர் பேசுவது கைப்பேசிக்கு நன்றாகக் கேட்கும், கைப்பேசி பேசுவது டவருக்குச் சரியாகக் கேட்காது. வேகச் சோதனையில் எல்லோரும் பார்ப்பது இறக்க எண்ணை. கைமாறில் ஓடும் டொரண்டுக்கோ ஏற்ற எண்ணும் முக்கியம். கைப்பேசியை டவர் திசை நோக்கிய சன்னலிலோ மொட்டைமாடியிலோ உயரத்தில் வைத்துவிட்டுப் பதிவேற்றத்தை மறுபடி அளந்து பார்ப்பது காசில்லாத முதல் வைத்தியம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இன்றைய மென்பொருள்கள் பல, யு.டி.பி. மேல் இயங்கும் µ-டி.பி. என்ற போக்குவரத்து முறையைப் பயன்படுத்துகின்றன. வழியில் தாமதம் சுமார் 100 மில்லிநொடிக்கு மேல் கூடினால் அது பிறருக்கு வழிவிட்டுத் தானாக ஒதுங்கும். கைப்பேசி வலையமைப்பில் தாமதம் இயல்பாகவே ஏறி இறங்குவதால் அது தேவையில்லாமலும் ஒதுங்கிவிடக்கூடும். வழக்கமான டி.சி.பி. முறை மட்டும் என்று மாற்றினால் வேகம் கூடலாம். ஆனால் அதே ஹாட்ஸ்பாட்டில் பிள்ளைகள் இணைய வகுப்பில் இருந்தால் அவர்களுக்குப் படம் உறையும். அந்த வீட்டில் µ-டி.பி. அமைப்பே சரி.

இழை இணைப்பு வந்த வீடுகளில் இச்சிக்கல் இல்லை. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இழையால் இணைக்கும் பாரத்நெட் பணியைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டுள்ளது. இழை துருப்பிடிக்காது, ஆனால் அதன் முனையிலிருந்து கணினிக்கு வரும் செம்புக் கம்பியின் இணைப்பான் உப்புக்காற்றில் அரிக்கும். கிகாபிட் வேகத்துக்குக் கம்பியின் நான்கு இணைகளும் தேவை. ஒன்று விட்டுப்போனால் இணைப்பு பெரும்பாலும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும்.

தடையும் நெரிப்பும்

நிறுவனமே டொரண்டை நெரிக்கும் என்ற சந்தேகத்துக்கு வரலாறு உண்டு. அமெரிக்காவின் காம்காஸ்ட் பிட்டொரண்ட் இணைப்புகளை இடைமறித்து அறுத்தது 2007-இல் வெளிப்பட்டது. மறு ஆண்டு அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் அதற்கு எதிராக ஆணையிட்டது. இந்தியாவில் தரவின் வகை பார்த்து வேகத்தைக் குறைக்கக் கூடாது என்ற இணைய நடுவுநிலை விதிகள் 2018-இல் நிறுவனங்களின் உரிமங்களில் சேர்க்கப்பட்டன. மென்பொருளில் குறியாக்கத்தை இயக்கியதும் வேகம் தாவினால் நெரிப்பு இருந்திருக்கலாம்.

தளத்தடை வேறு. ‘3’ திரைப்படத்தின் திருட்டுப் பகிர்வைத் தடுக்கப் பிறந்த சென்னை உயர் நீதிமன்ற ஆணையை வைத்து 2012 மே மாதம் இணைய நிறுவனங்கள் பைரேட் பே, விமியோ போன்ற தளங்களை முழுவதுமாக மூடின. குறிப்பிட்ட பக்கங்களுக்கே தடை என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கோப்பைப் பகிரும் சகாக்கள் யார் என்று சொல்லும் டிராக்கரின் முகவரியைத் தடை தொட்டால் அவர்களின் பட்டியல் வராது; டிராக்கர் இன்றியே சகாக்களைக் கண்டறியும் டி.எச்.டி. முறை இயங்கினால் அந்தக் குறை ஓரளவு ஈடாகும். பதிப்புரிமையுள்ள படங்களைப் பகிர்வது 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது தொழில்நுட்பத்தால் தீர்க்கும் சிக்கல் அல்ல.

சீடர் இல்லாத கோப்புகளுக்கு ஒரு மாற்று உண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 முதல் தன் கோப்புகளுக்கு டொரண்ட் தருகிறது; வருடிய தமிழ் நூல்கள் ஏராளமாக அங்கே உள்ளன. பகிர ஆள் இல்லாதபோது அதன் வழங்கிகளே இணைய சீடராக நின்று துண்டுகளைத் தரும். மின்சாரமோ சிக்னலோ நடுவில் போனாலும் இறங்கிய துண்டுகள் சரிபார்க்கப்பட்டு நிற்கும், விட்ட இடத்திலிருந்து தொடரும். இணைப்பு அடிக்கடி அறுபடும் ஊர்களில் நேரடிப் பதிவிறக்கத்தைவிட இவ்வழி மெதுவாக இருந்தாலும் முடிவடையும் வாய்ப்பு இதில்தான் அதிகம்.