ஓராக்கேய்த் தோட்டமும் தெருவில் உறங்குவோரும்: ஆக்லாந்துக் களப்பணி பற்றி

ஆக்லாந்து நகர மையத்திலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், கடல் பார்த்த மேட்டில் இருக்கிறது ஓராக்கேய் மராய். நியூசிலாந்தின் பூர்வகுடி மாஓரிகளில் ங்காத்தி ஃபாத்துவா குலத்தார் கூடும் பொதுமன்று அது. நகரத் தெருக்களில் உறங்கிவந்த வயது முதிர்ந்த மாஓரி ஆண்கள் சிலர் ஆக்லாந்து சிட்டி மிஷன் என்ற தொண்டு அமைப்பின் துணையோடு அங்கே போய்த் தோட்டம் போட்டார்கள். மண் கொத்தினார்கள், நட்டார்கள், களை பறித்தார்கள், மராய்க்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இவர்களைப் பற்றி பீட்டா கிங், டேரின் ஹாட்ஜெட்ஸ், மோஹி ருவா, தினிவாய் தெ ஃபெத்து ஆகியோர் 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தோட்டவேலை என்ற அன்றாடச் செயல் வழியாக அந்த ஆண்கள் தங்களை மாஓரிகளாகவே மீண்டும் உணர்ந்தார்கள் என்பது அதன் மையக் கருத்து.

வீடற்றோரிடையே நடக்கும் களப்பணியை எடைபோட இந்தத் தோட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. களப்பணியாளர் தெருவில் கட்டியெழுப்புவது உறவை. அந்த உறவின் மறுமுனையில் ஒரு வீடு இருந்தால்தான் அது நிலைக்கும். ஆளைக் கிளப்பி வேறிடத்துக்கு விரட்டினால் அறுந்துபோகும். ஆக்லாந்தின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்று.

முதல் சந்திப்பில் எந்த விண்ணப்பமும் நிரப்பப்படுவதில்லை. பேச்சு, சூடான பானம், மறுவாரம் அதே இடத்துக்கு வருவதாக ஒரு சொல், சொன்னபடி வருவது. யார் மகன், எந்த ஊர், எந்தக் குலம் என்று கேட்டு உறவு கண்டுபிடிக்கும் வழக்கம் மாஓரிகளுக்கும் உண்டு. முன்பின் தெரியாதவரிடம் இரண்டு கேள்வியில் மாமன் மச்சான் முறை கண்டுவிடும் தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த நம்பிக்கைக்குப் பிறகுதான் அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு, உதவித்தொகை, சமூக வீட்டுக்கான பதிவு ஆகியவை வரிசையாக வரும். தொலைபேசி தொலைந்து, கடிதம் வர முகவரியும் இல்லாத ஒருவருக்கு இந்த வரிசையின் ஒவ்வொரு படியும் மலை.

சிட்டி மிஷனை 1920இல் தொடங்கியவர் ஜாஸ்பர் கால்டர் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார். சோறு போடுவதில் தொடங்கிய பணி நகரத்தில் மெல்ல மெல்ல உருமாறியது. மெதடிஸ்ட் மரபில் வந்த லைஃப்வைஸ் அமைப்பு 2010இல் தன் இலவசக் கஞ்சித்தொட்டியை மூடிவிட்டு, கராங்காஹாப்பே சாலையில் ‘மெர்ஜ்’ என்ற மலிவு விலை உணவகத்தைத் திறந்தது. காசு கொடுத்துச் சாப்பிடுபவர் வாடிக்கையாளர். எதைச் சாப்பிடுவது, யாரோடு உட்காருவது என்பது அவர் தீர்மானம். சென்னையில் 2013இல் ஒரு ரூபாய் இட்லியோடு திறந்த அம்மா உணவகத்தின் முன் நின்றவர்களுக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்கும்.

அடுத்த திருப்பம் 2017இல் ஆக்லாந்துக்கு வந்த ‘ஹவுசிங் ஃபர்ஸ்ட்’. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் வகுத்த வழி இது. குடியை நிறுத்து, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு, பிறகு வீடு என்ற பழைய வரிசையை அது தலைகீழாக்கியது. முதலில் வீடு, மற்றவை அவர் விரும்பும் வேகத்தில், பணியாளர் துணையோடு. இந்தியாவில் பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஓர் இரவுக்காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. அது உயிர் காக்கும் உத்தரவு. ஆனால் காப்பகத்தில் படுக்கை கிடைக்கும், சாவி கிடைக்காது. 2022இல் ஹாப்சன் தெருவில் மிஷன் திறந்த ‘ஹோம்கிரவுண்ட்’ கட்டடத்தில் 80 வீடுகள், அவற்றோடு மருத்துவ நிலையம், போதை மீட்பு வசதி என எல்லாம் ஒரே கூரையின் கீழ் அமைந்தன. அங்கே கையில் தரப்படுவது சாவி.

80 போதுமா? 2018 செப்டம்பர் 17 இரவு நடந்த கணக்கெடுப்பில் 336 பேர் கூரையின்றி நேரில் காணப்பட்டார்கள். உண்மை எண்ணிக்கை 800 அளவில் இருக்கும் என மதிப்பிடப்பட்டது. பின்னர் களப்பணி அமைப்புகள் தங்களுக்குத் தெரிந்தவர்களை வைத்துத் தந்த கணக்கு 2024 செப்டம்பரில் 426. 2025 ஜனவரியில் 653. அதே ஆண்டு மே மாதம் 809. இடையில் என்ன மாறியது? அவசரத் தங்கலுக்கான விதிகளை அரசு 2024 ஆகஸ்டில் இறுக்கியது. தன் நிலைக்குத் தானே காரணமானவர் என்று கருதப்படுபவருக்கு அவசரத் தங்கலாகத் தரப்படும் மோட்டல் அறை மறுக்கப்படலாம். மோட்டல்களில் தங்கும் குடும்பங்களை 2030க்குள் 75 சதவீதம் குறைக்கும் இலக்கை அரசு ஐந்து ஆண்டு முன்னதாகவே எட்டிவிட்டதாக அறிவித்தது. தெருவில் கூடிய எண்ணிக்கைக்கு விதி மாற்றமே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது; வாடகை, வேலையிழப்பு, போதை எல்லாம் உண்டு. எனினும் ஒரு பட்டியல் சுருங்கும்போது இன்னொன்று நீள்வதைக் களப்பணியாளர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

2025 இறுதியில், நகர மையத்திலிருந்து தெருவில் உறங்குவோரை அகற்றக் காவல்துறைக்கு அதிகாரம் தரலாமா என்று அரசு ஆலோசித்தது. நகர மையத்தின் குவீன் தெருக் கடைக்காரர்களின் அச்சம் பொய்யல்ல. கூச்சலும் அடிதடியும் கண்டு வாடிக்கையாளர் ஒதுங்கினால் அவர்கள் பிழைப்பு என்னாவது? ஆனால் வன்முறைக்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. வெறுமே படுத்திருப்பவரைக் கிளப்பினால், மறுவாரம் அதே இடத்துக்கு வரும் பணியாளர் வெறும் அட்டைப்பெட்டியைத்தான் பார்ப்பார். மாதக்கணக்கில் சேர்த்த நம்பிக்கை, பாதி நிரப்பிய விண்ணப்பம், மருத்துவரிடம் வாங்கிய நேரம் எல்லாம் அத்தோடு போகும்.

நகர்த்துவது இந்த ஊருக்குப் புதிதுமல்ல. ஓராக்கேய் மேட்டின் கீழே ஓகாஹு விரிகுடாவில் ங்காத்தி ஃபாத்துவா மக்களின் கிராமம் இருந்தது. ஊரின் அழகைக் கெடுக்கிறது, சுகாதாரக் கேடு என்று சொல்லி 1952இல் அவர்களை அகற்றி வீடுகளைக் கொளுத்தினார்கள். மக்கள் அரசின் வாடகை வீடுகளுக்குப் போனார்கள். 1977 ஜனவரியில் அதே மேட்டில் குலத்தார் அமர்ந்து நிலம் கேட்டார்கள். 506 நாள்களுக்குப் பிறகு, 1978 மே 25 அன்று, காவல்துறை 222 பேரைக் கைதுசெய்து அப்புறப்படுத்தியது. நிலம் பின்னாளில்தான் திரும்பக் கிடைத்தது. தெருவில் உறங்கிய ஆண்கள் கொத்திப் பயிரிட்டது அந்தக் குலத்தாரின் மண்ணைத்தான்.