திருகோணமலைப் போர்த்துக்கேயக் கோட்டை

உப்புவெளிக்குத் தெற்கே, கோணமலை முனையில் அமைந்த கோட்டை. ஐரோப்பிய மதப்போர்கள் ஈழக் கடலைத் தொட்டதன் சான்று. 1580 முதல் 1640 வரை கத்தோலிக்க நாடுகளான போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. ஆகவே ஸ்பெயினை எதிர்த்த சீர்திருத்தச் சபை ஒல்லாந்தர், கீழைக் கடல்களில் போர்த்துக்கேயரையும் தாக்கினர்.

1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினார். சைவர்களுக்கு அது பேரிழப்பு. கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தார். ஆக, கத்தோலிக்கப் பேரரசை எதிர்த்துப் பௌத்த மன்னரும் சீர்திருத்தக் கிறித்தவரும் கைகோத்தனர். 1639இல் கோட்டை வீழ்ந்தது. பின்னர் ஆங்கிலேயர் இதற்குப் பிரடெரிக் கோட்டை எனப் பெயரிட்டனர்.