கார் இல்லாத பயணியின் அடிவார ஊர்: டணாயக்கன்கோட்டை முதல் குன்னூர் வரை

மலையில் நடந்து திரும்பும் பயணிக்கு ஒரு ஊர் தேவை. அங்கே படுக்க இடமும் சூடான சாப்பாடும் வேண்டும். மறுநாள் வேறு வழியில் நடக்கவோ வீடு திரும்பவோ வண்டி கிடைக்க வேண்டும். சொந்தக் கார் இல்லாதவருக்கு இந்த ஊரைத் தேர்வது பயணத்தின் பாதி. நீலகிரியைப் பொறுத்தவரை இந்தத் தேர்வுக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் ஒரு ஊர் நீரில் மூழ்கியது, ஒரு ஊர் ஒதுங்கியது, ஒரு ஊர் ரயிலால் வளர்ந்தது. இந்தக் கட்டுரை கொங்குச் சமவெளியில், அவினாசிக்கு வடக்கே உள்ள சேவூர் பக்கத்திலிருந்து அந்த வரலாற்றைப் பார்க்கிறது.

சேவூரும் வடக்கு நோக்கிய வழியும்

சேவூர் இன்று திருப்பூர் மாவட்டம் அவினாசி வட்டத்தில் உள்ளது. வாலி வழிபட்டதாகத் தலமரபு கூறும் வாலீஸ்வரர் கோயிலாலும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நடக்கும் நிலக்கடலை ஏலத்தாலும் அறியப்படும் ஊர். அவினாசியிலிருந்து புளியம்பட்டிக்குப் போகும் வழியில் இருக்கிறது. புளியம்பட்டிக்கு அப்பால் பவானி ஆறு. ஆற்றுக்கு அப்பால் மலை. மைசூர்ப் பக்கம் ஏறும் கணவாய்களுக்கும் நீலகிரிக்கு ஏறும் பழைய வழிகளுக்கும் கொங்கு நாட்டுப் பயணி பவானிக் கரையை அடைந்தே தீர வேண்டும்.

ரயில் வருவதற்கு முன் சேவூர், அவினாசி போன்ற ஊர்கள் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் செல்வோருக்கு உரியவை. தண்ணீர், கோயில், சந்தை, இரவு தங்கத் திண்ணை ஆகியவை ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் அமைந்திருப்பதே வழியோர ஊரின் தகுதி. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சென்ற ரயில்பாதை இந்தக் கணக்கை மாற்றியது. பாதை அவினாசியைத் தொடாமல் தெற்கே திருப்பூர் வழியாகச் சென்றது. பழைய வழியில் இருந்த அவினாசி கோயில் நகரமாகவே நின்றது; நிலையம் பெற்ற திருப்பூர் பருத்திச் சந்தையாகவும் பின்னர் பின்னலாடை நகரமாகவும் வளர்ந்தது. வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே ஊர் பெருகும் என்பதைச் சேவூர்க்காரர்கள் தங்கள் கண்முன்னேயே பார்த்தார்கள். நீலகிரி அடிவாரத்திலும் அதுவே நடந்தது.

முதல் அடிவார ஊர்: டணாயக்கன்கோட்டை

மலைவாழ் மக்களும் சமவெளி வணிகர்களும் நீலகிரிக்கு ஏறியிறங்கும் வழிகளை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆங்கிலேயர் ஆவணங்களில் முதலில் இடம்பெறும் ஏற்ற வழிகளுள் ஒன்று பவானிக் கரையில் இருந்த டணாயக்கன்கோட்டை வழி. ஒய்சள தண்டநாயகர்களோடு தொடர்புடைய கோட்டை ஊர் அது. ஊரின் பெயரும் அந்தப் பதவிப் பெயரிலிருந்து வந்தது. 1812இல் கீஸ், மக்மகன் என்ற நில அளவையாளர்கள் இந்தப் பக்கமாக மலையேறினர். 1818இல் கோயம்புத்தூர் ஆட்சியரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி ஆகிய இருவரும் இவ்வழியே ஏறினர்.

அடிவார ஊர் என்ற முறையில் டணாயக்கன்கோட்டைக்கு இரண்டு வசதிகள் இருந்தன. ஆற்றங்கரை என்பதால் தண்ணீரும் விளைபொருளும் கிடைத்தன; சத்தியமங்கலம், புளியம்பட்டி, அவினாசிப் பக்கத்து வழிகள் அங்கே வந்து சேர்ந்தன. ஆனால் அங்கிருந்து மலை உச்சிக்குச் சரியான பாதை கிடையாது. சுமையோடு ஏறுவது கடினம். சுதந்திரத்துக்குப் பின் கீழ்பவானி அணை கட்டப்பட்டு 1955இல் முடிந்தபோது ஊர் நீர்த்தேக்கத்துக்குள் சென்றது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயில் கட்டடங்கள் வெளியே தெரிவதுண்டு.

சிறுமுகையிலிருந்து ஒரு பாதை

1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறினார். கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டியில் தங்குமிடம் அமைத்தார். அதன்பின் முறையான பாதையின் தேவை எழுந்தது. லெப்டினன்ட் ஈவன்ஸ் மக்பர்சனின் பொறுப்பில் பவானிக் கரையிலுள்ள சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கத்துக்குப் பாதை வெட்டப்பட்டு 1823இல் முடிந்தது. குதிரையும் பொதிமாடும் செல்லக்கூடிய பாதை, வண்டிக்கு ஏற்றதல்ல. நோயாளிகளையும் பெண்களையும் ஆட்கள் டோலியிலும் நாற்காலியிலும் தோளில் தூக்கிச் சென்றனர். மலைநகரங்களின் வரலாற்றில் பங்களா கட்டியவர்களின் பெயர்கள் நிற்கின்றன. அந்த பங்களாக்களுக்கு அரிசியும் கண்ணாடியும் சுமந்து ஏறியவர்களின் பெயர்கள் இல்லை.

இக்காலத்தில் அடிவார ஊரைத் தேர்வதில் ஒரு முக்கியமான நிபந்தனை இருந்தது. மலையடிக் காட்டுப்பகுதி மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர்பெற்றது. எனவே அடிவாரத்தில் இரவு தங்காமல் கடப்பதையே பயணிகள் விரும்பினர். விடியற்காலையில் ஆற்றைத் தாண்டி, வெயில் ஏறுவதற்குள் உயரத்தை எட்டிவிட வேண்டும். ஆக அடிவார ஊர் ஆள், மாடு, படகு ஆகியவற்றை ஏற்பாடு செய்யும் இடமாக இருந்தது. உண்மையான தங்குமிடம் மேலே கோத்தகிரியில் அமைந்தது.

மேட்டுப்பாளையமும் ரயிலும்

உதகமண்டலம் தலைமை மலைநகராக வளர்ந்ததும் கோத்தகிரி வழி சுற்றுவழியானது. 1830களின் தொடக்கத்தில் லெப்டினன்ட் லெ ஹார்டியின் மேற்பார்வையில் குன்னூர் மலைப்பாதை அமைந்தது. அதன் அடிவாரம் மேட்டுப்பாளையம். சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த சிறுமுகை இதனால் பின்தங்கியது. பிற்காலத்தில் கோத்தகிரிக்கான வண்டிச் சாலையும் மேட்டுப்பாளையத்திலிருந்தே தொடங்கியது.

1873இல் போத்தனூரிலிருந்து ரயில்பாதை மேட்டுப்பாளையத்தை அடைந்தது. அங்கிருந்து குதிரை வண்டியில் மலையேறும் பழக்கம் உருவானது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கியது. 1908இல் பாதை உதகமண்டலம் வரை நீட்டிக்கப்பட்டது. மீட்டர் அளவு கொண்ட இந்த 46 கி.மீ. பாதையில் 208 வளைவுகளும் 16 சுரங்கங்களும் உள்ளன. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ஏற்றம் மிகுதி என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டது; இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ரயில் வந்ததன் விளைவை இரண்டாகச் சொல்லலாம். மேட்டுப்பாளையம் தங்கும் ஊரிலிருந்து வண்டி மாறும் ஊராக மாறியது. குன்னூர் வழியில் கடந்துபோகும் ஊரிலிருந்து தங்கும் ஊராக மாறியது.

தெற்குப் பிரான்சில் இதே கதை

இது நீலகிரிக்கு மட்டும் உரிய கதையல்ல. 1878இல் எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தெற்குப் பிரான்சின் செவென் மலைகளில் மொடெஸ்டின் என்ற கழுதையோடு 12 நாள்கள் நடந்தார். சென்-ழான்-து-கார் என்ற சிற்றூரில் கழுதைக்கு ஓய்வு தேவைப்பட்டது. தனக்கு வந்திருக்கும் கடிதங்களைப் பெற அவர் அலெஸ் நகருக்கு விரைய விரும்பினார். கழுதையை விற்றுவிட்டுக் குதிரைவண்டி ஏறினார். நடை முடிந்த ஊர் ஒன்று; அஞ்சலும் வண்டியும் கிடைத்த ஊர் வேறு. அலெஸ் நகரை ரயில் அவருக்கு முன்பே எட்டியிருந்தது. இன்றும் அந்த நடைவழியில் செல்வோர் பலர் அலெஸை அடைந்து, அங்கிருந்து ரயிலில் நீம் நகருக்குச் செல்கின்றனர்.

இந்தியாவில் இன்னொரு உதாரணம் மகாராஷ்டிராவின் மாதேரான். அங்கே மோட்டார் வாகனங்கள் ஊருக்கு வெளியே தஸ்தூரியில் நிறுத்தப்படுகின்றன. நேரலிலிருந்து 1907இல் தொடங்கிய சிறு ரயில், குதிரை, கால்நடை ஆகியவை ஊருக்குள் செல்லும் வழிகளில் அடங்கும். தமிழ்நாட்டு மலைநகரங்களில் இத்தகைய முழுத்தடை எதுவும் இல்லை. இங்கே கார் இல்லாமல் தங்க விரும்புபவர் அதற்கேற்ற ஊரைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டும்.

இன்று எந்த ஊர்?

மாணவர்களும் சிறு குழுக்களும் நீலகிரியில் நடந்து பார்க்க விரும்பினால் மூன்று ஊர்கள் முன்னிற்கின்றன. உதகமண்டலத்தில் ரயில், பேருந்து இரண்டும் உண்டு. பருவகாலத்தில் நெரிசலும் வாடகையும் மிகுதி. கோத்தகிரி அமைதியானது, மக்பர்சன் பாதையின் நினைவைத் தாங்கிய ஊர், ஆனால் ரயில் கிடையாது, பேருந்தை மட்டுமே நம்ப வேண்டும். குன்னூரில் மலை ரயிலின் நிலையமும் பேருந்து நிலையமும் அருகருகே உள்ளன. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் ஆகிய இடங்களுக்கு ரயிலில் சென்று நடந்து திரும்பலாம். 1874இல் உருவான சிம்ஸ் பூங்கா ஊருக்குள்ளேயே இருக்கிறது. கோத்தகிரிக்கும் உதகைக்கும் பேருந்துகள் புறப்படுகின்றன. காரின்றித் தங்குவோருக்கு மூன்றில் குன்னூரே பொருத்தமான ஊர் என்று கூற இவை போதும்.

சேவூரிலிருந்து செல்பவர் பேருந்தில் அவினாசி வந்து, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போகலாம். சென்னையிலிருந்து இரவு புறப்படும் நீலகிரி விரைவு வண்டி காலையில் மேட்டுப்பாளையத்தை அடைகிறது. மலை ரயில் காலை ஏழு மணியளவில் கிளம்புகிறது. இடங்கள் குறைவு என்பதால் முன்பதிவு அவசியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் ரயில் நிறுத்தப்படுவது வழக்கம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அப்போது பேருந்துதான் துணை. காட்டுக்குள் செல்லும் பாதைகளில் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது. யானையும் காட்டெருமையும் உலவும் வழிகள் அவை.

பாதை கேட்கும் கேள்வி

அடிவார ஊரைத் தேர்வது இன்று தனிப்பட்ட வசதியைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025இல் கோடைப் பருவத்துக்கு நீலகிரியில் வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று நீதிமன்றம் வரம்பு விதித்தது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருவோருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதாவது மலை எவ்வளவு காரைத் தாங்கும் என்று எண்ண வேண்டிய நிலை வந்துவிட்டது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பகுதிகளில் பலரின் உயிரைப் பறித்த நிலச்சரிவுகளை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணிக்கையின் பொருள் புரியும்.

டணாயக்கன்கோட்டையை அணை மூடியது. சிறுமுகையைப் புதிய பாதை ஒதுக்கியது. அவினாசியைத் தொடாமல் ரயில் கடந்துபோனது. ஒவ்வொரு முறையும் பயணிகள் எந்த வண்டியை நம்பினார்களோ அதுவே எந்த ஊர் வாழும் என்பதைத் தீர்மானித்தது. முன்பு அந்த முடிவைப் பெரும்பாலும் அரசும் ரயில் கம்பெனியும் எடுத்தன. இன்று சேவூரிலிருந்து வார விடுமுறைக்கு மலைக்குப் புறப்படும் ஒரு பின்னலாடைத் தொழிலாளியும், நண்பர்களோடு நடக்கக் கிளம்பும் ஒரு மாணவரும் அதில் பங்கேற்கிறார்கள். அவர்கள் பேருந்திலும் ரயிலிலும் சென்று, நடந்து திரும்பி, குன்னூர் போன்ற ஊரில் தங்கினால், 1899இல் போட்ட பாதைக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று பொருள்.