கனம் குறைந்த தோட்டா

அரசாங்க மொழிபெயர்ப்பாளனுக்குச் சொற்களால் வரும் தொல்லை ஊரறிந்தது. எண்களாலும் தொல்லை வரும் என்பதை ஆயுதங்களைப் பற்றிய விதிகளைப் படிக்க நேர்ந்தபோதுதான் நான் உணர்ந்தேன். 1962ஆம் ஆண்டின் ஆயுத விதிகளோடு இணைந்த அட்டவணையில், பொதுமக்கள் சாதாரண உரிமத்தின்மேல் வைத்துக்கொள்ளலாகாத கைத்துப்பாக்கிகள் இன்னவை என்று ஓர் இடத்தில் வகுத்திருந்தார்கள். .380 அல்லது .455 அங்குல விளிம்புள்ள தோட்டா, படைக்குரிய 9 மில்லிமீட்டர் தோட்டா, .45 அங்குல விளிம்பற்ற தோட்டா ஆகியவற்றை ஏற்றுச் சுடவல்ல எந்தத் துப்பாக்கியும் அவ்வகையைச் சேர்ந்தது. எண்ணை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமில்லை. இருந்தபடியே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஆனால் மனம் போக மறுத்தது. எண்ணற்ற அளவுகள் இருக்க, .455, .380 என்ற இந்த இரண்டு எண்கள் இந்தியச் சட்டத்துக்குள் எப்படி வந்தன? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், படைக்கலம் ஒன்றின் வலிமையை மனமறிந்து குறைத்த ஒரு விசித்திரமான வரலாறு நம் கண்முன் விரிகிறது.

முதலில் .455. அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் 455 கூறு என்பது இதன் பொருள். துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தை ஒட்டி அமைந்த பெயர் இது. பர்மிங்காம் நகரத்து வெப்ளி நிறுவனத்தார் செய்த ரிவால்வரைப் பிரிட்டிஷ் சர்க்கார் 1887இல் தமது படைக்கு ஏற்றுக்கொண்டனர். ஆறு தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையும், நடுவில் மடிந்து திறக்கும் உடலும் உடையது அது. காலப்போக்கில் பல திருத்தங்களைப் பெற்று, 1915இல் ஆறாம் வகையாக உருப்பெற்றது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது பெரும்பாலும் இந்த வகையே. ஆறு அங்குலக் குழல். ஏறக்குறைய ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட எடை. நொடிக்கு ஏறத்தாழ 600 அடி வேகத்தில் செல்லும் 265 கிரெய்ன், அதாவது சுமார் 17 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு. பழகிய கைக்கு அது உற்ற துணை. பழகாத கைக்கோ பெருஞ்சுமை.

இந்தப் பழகாத கைதான் நம் கதையின் தலைவன் எனலாம். கைத்துப்பாக்கியைக் கொண்டு குறி தவறாமல் சுடுவது, தோளில் அணைத்துச் சுடும் ரைபிளைக் காட்டிலும் பன்மடங்கு கடினம். சுடும்போது ஏற்படும் உதைப்பை நீட்டிய கை ஒன்றே தாங்கியாக வேண்டும். அமைதிக் காலப் படைக்குப் பழகுவதற்கு ஆண்டுகள் உண்டு. பெரும்போரில் கடைகளிலிருந்தும் கணக்கு அலுவலகங்களிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்ததோ சில வாரங்களே. உதைப்புக்கு அஞ்சுகிறவன் சுடுவதற்கு முன்பே கண்ணை இறுக்கி மணிக்கட்டை வளைத்துவிடுகிறான். குண்டு குறியை விட்டு விலகிவிடுகிறது. தாக்காத குண்டு எவ்வளவு கனமாக இருந்தும் என்ன பயன்?

போர் முடிந்தபின் பிரிட்டிஷ் படைத்துறையினர் இதைச் சிந்தித்து ஒரு முடிவுக்கு வந்தனர். குழலின் விட்டத்தை .38 அங்குலத்துக்குக் குறைப்பது. ஆனால் அந்த அளவுக்கு வழக்கமானதைவிடக் கனமான 200 கிரெய்ன் குண்டை அதில் வைப்பது. கனமான குண்டு மெதுவாகச் சென்றாலும் போதிய தாக்கம் தரும் என்பது அவர்கள் கணிப்பு. படைக் குறிப்புகளில் இதற்கு .380 என்று பெயர். நமது சட்டத்தின் இரண்டாவது எண் பிறந்த இடம் இதுதான்.

கணக்கிட்டுப் பார்த்தால், புதிய குண்டின் உந்தம் பழையதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஆகிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. குண்டைக் குறைத்தவர்கள் துப்பாக்கியையும் முக்கால் கிலோகிராம் அளவுக்கு இலகுவாக்கிவிட்டனர். துப்பாக்கி இலகுவானால் அதே உந்தம் கையை மிகுதியாக உதைக்கும். ஆகவே தோட்டாவில் கிடைத்த மென்மையில் ஒரு பகுதி எடைக் குறைப்பில் கரைந்துபோயிற்று. ஆயினும் இடுப்பில் சுமப்பதற்கும் சிறிய கையில் அடங்குவதற்கும் புதியது ஏற்றதாயிருந்தது என்பதில் ஐயமில்லை.

இத்தகைய மாற்றத்தில் உள்ள ஆபத்தை உலகம் அதற்கு முன்பே ஒருமுறை கண்டிருந்தது. அமெரிக்கப் படை 1892இல் தனது பழைய .45 ரிவால்வரைக் கைவிட்டு, மென்மையான .38க்கு மாறிற்று. சில ஆண்டுகளுக்குள் பிலிப்பைன்ஸ் தீவுகளில் நடந்த போர்களில், நெருங்கி வந்து வாள் வீசிய மோரோ வீரர்களை அந்தக் குண்டு தடுத்து நிறுத்தவில்லை என்ற முறையீடுகள் எழுந்தன. ஓய்வு பெற்ற பழைய .45கள் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டன. 1904இல் தாம்ஸன், லாகார்ட் என்ற இரு அதிகாரிகள் சிகாகோ நகரத்து இறைச்சிக்கூடம் ஒன்றில் கால்நடைகளின்மேல் சோதனைகள் நடத்தி, .45க்குக் குறைந்த விட்டம் படைக்கு உதவாது என்று அறிக்கை தந்தனர். அதன் விளைவே 1911இல் ஏற்கப்பட்ட புகழ்பெற்ற தானியங்கிக் கைத்துப்பாக்கி.

இதிலிருந்து அமெரிக்கர் கற்ற பாடம் சுவையானது. பணிக்கு .45ஐ அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பயிற்சிக்கு மட்டும், அதே உருவில், மலிவான .22 தோட்டாவைச் சுடும் துப்பாக்கியை 1931இல் செய்தனர். 1938க்குள், .45 துப்பாக்கியின் மேற்பகுதியைக் கழற்றிவிட்டு .22க்கான உறுப்புகளைப் பூட்டிக்கொள்ளும் தொகுதியும் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்திலும் வெப்ளியின் குழலுக்குள் சிறிய குழலைச் செருகி .22 தோட்டாவால் பழகும் ஏற்பாடு இருந்ததுண்டு. பழகுவதற்கு மெல்லியது, பணிக்கு வலியது என்று பிரித்துக்கொள்வது ஒரு வழி. பணிக்கே மெல்லியதை ஏற்பது மற்றொரு வழி. பிரிட்டிஷார் தேர்ந்தது பின்னதை. பழகாத கையின்மேல் கொண்ட பரிவு என்ற அளவில் அது நேர்மையான முடிவுதான். கோளாறு அதன் பிறகே தொடங்கிற்று.

புதிய .38 ரிவால்வரின் வடிவத்தை வெப்ளி நிறுவனமே செய்து சர்க்காரிடம் அளித்தது. சர்க்கார் அதை என்ஃபீல்டில் இருந்த தமது சொந்தத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், அங்கே கேப்டன் பாய்ஸ் என்பவரின் மேற்பார்வையில் சில மாறுதல்களைச் செய்து, 1932இல் 'என்ஃபீல்டு எண் 2' என்று தமது பெயரிலேயே படைக்கு ஏற்றனர். வெப்ளி நிறுவனம் தனது ஆராய்ச்சிச் செலவுக்கென 2,250 பவுன் கேட்டது. வடிவம் பாய்ஸ் செய்ததே, வெப்ளி உதவி மட்டுமே புரிந்தது என்று என்ஃபீல்டு தரப்பு மறுத்தது. முடிவில், கண்டுபிடிப்பாளர்களுக்கு வெகுமதி வழங்கும் அரச ஆணைக்குழுவின் மூலம் 1,250 பவுன் கிடைத்தது. கையின்மேல் கொண்ட பரிவோடு கஜானாவின் சிக்கனமும் சேர்ந்துகொண்டது இவ்விடத்தில்தான்.

சிக்கனம் ஒருமுறை நுழைந்தால் ஓரிடத்தோடு நிற்பதில்லை. முப்பதுகளின் பிற்பகுதியில், உறையற்ற ஈயக் குண்டு சர்வதேச உடன்படிக்கைக்கு முரணாகலாம் என்ற கவலையால், உலோக உறையிட்ட 178 கிரெய்ன் குண்டு வந்தது. விட்டத்தைக் குறைத்ததற்குச் சமாதானமாகச் சொல்லப்பட்டது குண்டின் கனம் அல்லவா? அந்தக் கனமே இப்போது குறைந்தது. 1938இல் துப்பாக்கியின் சுத்தியில் கட்டைவிரல் பதியும் கொம்பை நீக்கிவிட்டனர். டாங்கிகளின் குறுகிய உட்புறத்தில் அக்கொம்பு சிக்கிக்கொள்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். அதன்பின், சுத்தியை முன்கூட்டியே நிமிர்த்தி வைத்து மெல்லச் சுடுவதற்கு வழியில்லை. ஒவ்வொரு முறையும் விசையை நெடுந்தூரம் வலிந்து இழுத்தே சுட வேண்டும். ஏற்கெனவே செய்யப்பட்டிருந்த துப்பாக்கிகளும் பழுதுபார்க்க வந்தபோது இவ்வாறே மாற்றப்பட்டன. எளிதாகக் குறிபார்க்க வேண்டும் என்று பிறந்த ஆயுதம், குறிபார்ப்பதற்கே கடினமாகிவிட்டது. படையினரின் அன்பை அது பெறாமற்போனதில் வியப்பில்லை.

1942இல் உற்பத்தியை விரைவுபடுத்தும் பொருட்டு இன்னும் ஒரு சிறு உறுப்பையும் விட்டுவிட்டனர். துப்பாக்கி தவறிக் கீழே விழுந்தால் சுத்தி தோட்டாவைத் தட்டாமல் காக்கும் தடை அது. விளைவு அபாயகரமானது என்று கண்டபின் அந்த வகையை நிறுத்த நேர்ந்தது. இதற்கிடையே போரின் தேவைக்கு என்ஃபீல்டு ஈடுகொடுக்க இயலாமையால், அதே சர்க்கார் வெப்ளி நிறுவனத்தின் .38 ரிவால்வரையே பெருமளவில் வாங்கிற்று. தள்ளிய கல்லே மூலைக்கு வந்தது.

ஐம்பதுகளில் 9 மில்லிமீட்டர் பிரௌனிங் துப்பாக்கி வரவே, இந்த ரிவால்வர்கள் படிப்படியாக விடைபெற்றன. மிச்சமானவற்றின் பிற்கால வாழ்வும் மாற்றங்களால் ஆனதே. அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற .455 வெப்ளிகளின் உருளையைப் பின்புறம் சிறிது கடைந்து, அங்கே எளிதில் கிடைத்த .45 தானியங்கித் தோட்டாவுக்கு மாற்றினர் வியாபாரிகள். அத்தோட்டாவின் அழுத்தம் பழைய துப்பாக்கி தாங்கும்படி அமைந்த அழுத்தத்தினும் கணிசமாக மிகுதி என்பதை வாங்கியவர் பலர் அறியவில்லை. அமெரிக்காவில் பிரிட்டனுக்காகச் செய்யப்பட்ட ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வர்களையோ, நீளமான .38 ஸ்பெஷல் தோட்டாவுக்காகத் துளையை ஆழமாக்கினர். அகன்ற துளையில் ஒடுங்கிய தோட்டா; வெடித்தவுடன் அதன் கூடு புடைக்கும், சில வேளை பிளக்கும். மலிவு என்பது எப்போதும் விலைச்சீட்டில் எழுதியதோடு முடிவதில்லை.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்குத் திரும்புவோம். .455, .380 ஆகிய இரண்டும் பிரிட்டிஷ் இந்தியாவின் படையும் போலீஸும் கையாண்ட தோட்டாக்கள். படைக்கலச் சாலையிலிருந்து தவறிப்போகும் தோட்டா பொதுமகனின் துப்பாக்கியில் பொருந்திவிடலாகாது என்பதே அந்த அட்டவணையின் கருத்து என்று அதன் வாசகத்திலிருந்து தெளிகிறது. அதே வாசகத்தில் .410 அங்குல மஸ்கட்டும் இடம்பெற்றிருந்தது. அதற்கும் ஒரு கதை உண்டு. வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலையில், .303 ரைபிள்களின் குழலை அகலமாகவும் வழவழப்பாகவும் மாற்றி, முறைக்கு ஒரே தோட்டா ஏற்கும்படி செய்து, போலீஸாருக்கும் காவலருக்கும் கொடுத்தனர். இங்கேயும் வலிமை குறைக்கப்பட்டது. ஆனால் கையின்மேல் கொண்ட பரிவால் அன்று. துப்பாக்கி பறிபோனால் படையின் தோட்டா அதில் பயன்படலாகாது என்ற அச்சத்தால்.

ஆகவே நம் நாட்டில் உரிமம் பெற்ற பொதுமகனின் கைத்துப்பாக்கி இன்னும் ஒரு படி கீழே இறங்கி .32 அளவில் நிலைகொண்டது. கான்பூரில் அரசாங்கத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வரின் மடிந்து திறக்கும் உடலில் வெப்ளியின் சாயலை இன்றும் காணலாம். 2014இல் பெண்களின் தற்காப்புக்கென அங்கே வெளியிடப்பட்ட அரைக் கிலோகிராம் எடையுள்ள 'நிர்பீக்' ரிவால்வரும் அதே அளவினதே. அப்போது அதன் விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் இருந்தது. மென்மையாவதெல்லாம் மலிவாவதில்லை என்பதற்கு அதுவே சான்று.

.455, .380, .32 என்று இறங்கிவரும் இந்தப் படிகளைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. வலிமையைக் குறைப்பது என்பது வெளித்தோற்றத்தில் ஒரே செயல். ஆனால் அதைச் செய்விக்கும் எண்ணம் மூன்று வகைப்படும். பிடிப்பவனின் கையை நினைத்துக் குறைப்பது ஒன்று. கணக்குப் புத்தகத்தை நினைத்துக் குறைப்பது மற்றொன்று. அவனை நம்பாமையால் குறைப்பது பிறிதொன்று. முதல் எண்ணத்தில் தொடங்கிய என்ஃபீல்டு, இரண்டாம் எண்ணத்தின் வசப்பட்டதால் எவர்க்கும் உவப்பற்றதாயிற்று. மூன்றாம் எண்ணத்தில் நியாயமும் உண்டு. ஏனெனில் துப்பாக்கி பிழைபட்டவன் கையில் சேர்ந்தால் வரும் தீங்கு பெரிது. ஆயினும் எந்த எண்ணத்தால் குறைக்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுக் குறைப்பதே நேர்மை.

கருவி எதுவானாலும், அதை எளிதாக்குகிறோம் என்று எவரேனும் கூறும்போது, யாருக்கு எளிது என்று கேட்பது நம் கடமை. அட்டவணையின் அந்த இரண்டு எண்களை நான் இப்போதும் மாற்றமின்றித்தான் எழுதுகிறேன். ஆனால் முன்போல விரைந்து அடுத்த வரிக்குப் போய்விட முடிவதில்லை.