ஒலிச்சுற்று ஆய்வுமுனை மின்தேக்கி

ஒலிச்சுற்று ஆய்வுமுனை மின்தேக்கி என்பது, வீட்டில் செய்துகொள்ளும் ஆய்வுமுனையின் ஊசிக்கும் சோதனை மிகைப்பிக்கும் இடையே தொடராக இணைக்கப்படும் மின்தேக்கி ஆகும். இலங்கையில் மின்தேக்கியைக் கொள்ளளவி என்பர். பழுதான வானொலியிலோ மிகைப்பியிலோ ஒலிக்குறிகை எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்பதைக் காதால் கேட்டறிய இவ்வாய்வுமுனை பயன்படுகிறது. மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுத்து, ஒலிக்குறிகையை மட்டும் உள்ளே விடுகிறது.

மின்னழுத்த வரம்பு

கொள்ளளவைவிட இதுவே முதலில் கவனிக்கத்தக்கது. திரிதடையச் சுற்றுகளுக்கு 100 வோல்ட் போதும். வெற்றிடக்குழல் வானொலிகளில் 250 வோல்ட்டுக்கு மேலும் இருக்கக்கூடும் என்பதால் 630 வோல்ட் வகை வேண்டும். மின்தேக்கி உடைந்தால் அம்மின்னழுத்தம் மிகைப்பிக்கும், கேட்பொறி அணிந்தவருக்கும் வந்து சேரலாம். மின்மாற்றி இல்லாத பழைய வானொலிகளில் அடிச்சட்டமே வீட்டு மின்னிணைப்புடன் நேரடியாகத் தொடர்புற்றிருக்கும்; அவற்றில் எந்த மின்தேக்கியும் பாதுகாப்புத் தராது. பிரிப்பு மின்மாற்றியின்றி அவற்றைத் தொடலாகாது.

கொள்ளளவு

மிகைப்பியின் உள்ளீட்டுத் தடை 1,00,000 ஓம் எனில், 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி ஏறத்தாழ 16 எர்ட்சு வரையும், 0.01 மைக்ரோபாரட் 159 எர்ட்சு வரையும் தாழ்ந்த ஒலிகளைக் கடத்தும். பழுது தேடுவதற்கு இரண்டாவதே பெரும்பாலும் வசதியானது. 50 எர்ட்சு மின்னிரைச்சல் அதில் குறைகிறது. 32 ஓம் கேட்பொறியை மிகைப்பியின்றி நேரே இணைத்தால் 0.1 மைக்ரோபாரட்டில் ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. பாலியெசுட்டர் படல வகை ஏற்றது. பழைய காகித மின்தேக்கிகள் ஈரம் உறிஞ்சிக் கசிவதால், உப்புக்காற்று வீசும் முத்துக்குளித்துறைக் கரையூர்களில் அவற்றைக் கழற்றிப் பயன்படுத்துவது நன்றன்று.

தூத்துக்குடியும் வானொலி இடையூறும்

தூத்துக்குடியில் அகில இந்திய வானொலி 1053 கிலோஎர்ட்சில் 200 கிலோவாட் மத்திய அலை பரப்பியை நிறுவி, இலங்கை நேயர்களுக்கான ஒலிபரப்புக்கும் பயன்படுத்தியது. இத்தகைய பரப்பியின் அருகில் ஆய்வுமுனையின் கம்பியே அலைவாங்கியாகிவிடும். மிகைப்பியின் திரிதடையம் அவ்வலையைத் திருத்துவதால், பழுதான கட்டத்திலும் பேச்சு கேட்கும். பழுது தேடுபவரை இது எளிதில் ஏமாற்றும்.

உறையிட்ட கம்பியுடன், உள்ளீட்டில் 10,000 ஓம் தடையைத் தொடராக வைத்து, அதன்பின் 100 பிக்கோபாரட் மின்தேக்கியைத் தரைமுனைக்கு இணைப்பது இதற்குத் தீர்வாகும். அம்மின்தேக்கி 1053 கிலோஎர்ட்சில் ஏறத்தாழ 1,500 ஓம் தடையே காட்டி வானொலி அலையை வடித்துவிடும். 10 கிலோஎர்ட்சில் 1,59,000 ஓம் காட்டுவதால் ஒலிக்குறிகை குறைவதில்லை.