போதை, மூளை, ஆய்வாளர்: ஐக்கிய அமெரிக்காவில் ஓர் ஆய்வுப் பயிற்சியின் வரலாறு

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கண்டுபிடிப்பவரை உருவாக்கும் நிறுவனங்கள், அவருக்குப் படியளக்கும் கைகள், எதனைக் கேட்கலாம், எதனைக் கேட்க வேண்டியதில்லை என்பதை அவருக்குப் பழக்கும் முறைகள் ஆகியன அவ்வரலாற்றின் அடிக்குறிப்புக்களாகவே நின்றுவிடுகின்றன. மதுசாரத்திற்கும் போதைவஸ்துக்களுக்கும் அடிமையாதலை மூளையின் தளத்தில் ஆராயும் நரம்பியல், இப்போக்கினை மறுபரிசீலனை செய்வதற்கு ஏற்ற துறையாகும். கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னரும் நிரந்தரப் பதவியின்றி, மூத்த பேராசிரியரொருவரின் ஆய்வுகூடத்தில் சில ஆண்டுகள் பயிலும் பின்கலாநிதி ஆய்வாளர்களின் உழைப்பிலே அத்துறை பெரிதும் தங்கியுள்ளது. அவர்களது பயிற்சி ஐக்கிய அமெரிக்காவில் எவ்வாறு உருவாயிற்று, அவ்வுருவாக்கம் துறையின் வினாக்களை எவ்வாறு வரையறுத்தது என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

இத்துறையின் முதற் பயிற்சிக்களம் பல்கலைக்கழகமன்று, சிறைச்சாலையே. 1929ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் விளைவாக, கென்ரக்கி மாநிலத்து லெக்சிங்ரனில் 1935இல் போதை அடிமைகளுக்கான கூட்டரசு நிறுவனமொன்று திறக்கப்பட்டது. தண்டனை பெற்ற கைதிகளும் தாமாகவே சிகிச்சை நாடி வந்தோரும் அங்கு தங்கினர். அது வைத்தியசாலையாகவும் சிறையாகவும் பண்ணையாகவும் ஒருங்கே இயங்கியது. அதனுள் அமைந்த போதை ஆய்வு நிலையத்திலேதான் ஒரு தலைமுறை ஆய்வாளர் தம் தொழிலைக் கற்றனர். போதை நிறுத்தப்படும்போது எழும் உடல்வாதையை அளவிடும் முறைகள் அங்கு உருவாயின. ஏப்ரகாம் விக்லர் 1948இல் முன்வைத்த கருத்து குறிப்பிடத்தக்கது. போதையிலிருந்து மீண்டவர் தம் பழைய சூழலை எதிர்கொள்ளும்போது அவ்வாதை மீண்டும் தலைகாட்டுகின்றது என்றும், அது பவ்லோவ் விளக்கிய நிபந்தனைப்பட்ட தெறிவினையை ஒத்தது என்றும் அவர் கருதினார். மூளையையும் சூழலையும் ஒரே விளக்கத்துள் இணைக்க முயன்ற நோக்கு இதுவாகும்.

ஆயினும் இவ்வறிவு எவர் உடலின் மீது பெறப்பட்டது என்பதை மறத்தலாகாது. ஆய்வுக்கு உடன்பட்ட கைதிகளுக்குப் போதைமருந்தே வெகுமதியாக வழங்கப்பட்டமை 1975ஆம் ஆண்டின் செனற் சபை விசாரணைகளிற் பகிரங்கமாயிற்று. எந்த நோய்க்காகச் சிறைவைக்கப்பட்டனரோ, அந்த நோயே அவர்களது சம்மதத்தின் விலையாயிற்று. 1976இல் அந்நிலையத்தில் கைதிகள் மீதான ஆய்வு நிறுத்தப்பட்டது.

2

துறையின் மற்றொரு ஊற்று கனடாவின் மொன்றியல் நகரில் தோன்றியது. ஹாவாட் பல்கலைக்கழகத்தின் சமூக உறவுகள் துறையிற் கலாநிதிப் பட்டம் பெற்ற ஜேம்ஸ் ஓல்ட்ஸ், மக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப்பின் ஆய்வுகூடத்திற்குப் பின்கலாநிதி ஆய்வாளராக வந்தார். அங்கே மாணவராயிருந்த பீற்றர் மில்னருடன் சேர்ந்து எலியின் மூளையில் மின்வாயொன்றைப் பொருத்தினார். அது குறித்த இடத்திற் படியாது வேறிடத்திற் படிந்தது. மின்தூண்டல் பெற்ற மூலையையே அவ்வெலி மீண்டும் மீண்டும் நாடிச் சென்றது. பின்னர், நெம்பொன்றை அழுத்தித் தம்மைத் தாமே தூண்டிக்கொள்ள வாய்ப்பளித்தபோது, எலிகள் மணித்தியாலத்திற்கு நூற்றுக்கணக்கான தடவை அதனை அழுத்தின. 1954இல் வெளியான இம்முடிவு, இன்பத்தையும் நாட்டத்தையும் மூளையின் குறித்த பகுதிகளோடு தொடர்புபடுத்தும் ஆய்வுகளுக்கு வித்திட்டது. சமூக உறவுகளைப் பயின்றவர் தனிக் கூட்டிலடைத்த எலியிடம் வந்துசேர்ந்தமை அவரது தனிப்பட்ட தெரிவு. ஆனால் இருபதாண்டுகளின் பின்னர் அதே திசையில் ஆய்வாளர்களை அணியணியாக நகர்த்தியது அரசின் கொள்கையாகும்.

3

1970ஆம் ஆண்டின் இறுதி நாளிற் கையொப்பமான சட்டம் மதுசார ஆய்வுக்கெனத் தேசிய நிறுவகமொன்றைத் தோற்றுவித்தது. அதற்காகப் போராடிய செனற்றர் ஹரல்ட் ஹியூஸ் முன்னர் லொறிச் சாரதியாக இருந்தவர், தாமே குடியிலிருந்து மீண்டவர். போதைவஸ்து ஆய்வுக்கான நிறுவகம் 1974இல் எழுந்தது. இவ்விரண்டிற்கும் இடையில் வியற்நாம் யுத்தம் நிற்கின்றது. அங்குள்ள அமெரிக்கப் படையினரிடையே ஹெரோயின் பரவிய செய்தி 1971இல் நாட்டை உலுக்கியது. அவ்வாண்டு யூன் மாதத்தில் ஜனாதிபதி நிக்சன் போதையை முதலாவது பொது எதிரியெனப் பிரகடனம் செய்தார்.

இப்பிரகடனத்தின் வழிவந்த நிதி இரு வேறு அறிவுகளைப் பெற்றெடுத்தது. சமூகவியலாளர் லீ றொபின்ஸ் நாடு திரும்பிய படையினரை ஆராய்ந்தார். வியற்நாமில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் அடிமைப்பட்டிருந்தனர். அவர்களுள் முதலாண்டில் மீண்டும் அடிமைப்பட்டோர் ஏறத்தாழ 5 சதவீதத்தினர், மூன்றாண்டுகளுள் 12 சதவீதத்தினர் மட்டுமே. வாழ்நிலை மாறியபோது பெரும்பாலோரிடத்துப் போதையின் பிடியும் தளர்ந்தது. மறுபுறம், 1973இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவி கன்டேஸ் பேட்டும் அவரது பேராசிரியர் சொலமன் ஸ்னைடரும், அபின்வகை மூலக்கூறுகள் சென்று பொருந்தும் வாங்கிகள் மூளையில் உள்ளமையை நிறுவினர். இரண்டும் உண்மையே. ஆனால் ஆய்வுகூடங்களும் அவற்றிற்கான பயிற்சி மானியங்களும் பெருகியது இரண்டாவதன் வழியிலேயே. மூலக்கூறுக்கு மருந்து தேடலாம், மருந்துக்குச் சந்தை தேடலாம். படையினனை யுத்தத்திற்கு அனுப்பிய சமூகத்திற்கு ஆய்வுகூடத்தில் மருந்தில்லை. 1978இல் லஸ்கர் பரிசு ஸ்னைடர், ஹியூஸ், கொஸ்ரலிற்ஸ் ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. பேட் விடப்பட்டார், அவர் அதனைப் பகிரங்கமாகக் கண்டித்தார். பயில்பவரின் உழைப்பு எவர் பெயரில் வரவு வைக்கப்படுகின்றது என்பதை அந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

4

பயிற்சியின் இன்றைய வடிவம் 1974ஆம் ஆண்டின் தேசிய ஆய்வுச் சட்டத்திலிருந்து வருகின்றது. அதற்கு முந்திய ஆண்டில் நிக்சன் நிர்வாகம் ஆய்வுப் பயிற்சி மானியங்களைப் படிப்படியாக நிறுத்த முயன்றது. காங்கிரஸ் அவற்றைப் புதிய நிபந்தனைகளோடு மீட்டது. உதவிப்படி பெற்றவர் அதற்கீடாக ஆய்வோ கற்பித்தலோ செய்து கடன் தீர்க்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பிணைப்பத்திரத்தில் ஒப்பமிட்டு வெளிநாடு செல்லும் எமது பல்கலைக்கழக ஆசிரியருக்கு இது புதிதன்று. இத்திட்டத்தின் கீழ் வருபவர் ஊழியராகக் கருதப்படுவதில்லை. அவர் பெறுவது சம்பளமன்று, உதவிப்படி. குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ அற்றவருக்கு அதுவும் இல்லை. ஆசிய நாடுகளிலிருந்து தற்காலிக விசாவில் வருவோர், பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்து ஊதியம் பெற்று அவரது வினாக்களுக்கே விடை தேடவேண்டியவராகின்றனர். மானியம் முடியுமிடத்துப் பதவியும் விசாவும் ஒருங்கே ஆட்டங்காணும் நிலையில், மானியம் தருவோர் விரும்பாத வினாவை எழுப்பும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? கருத்துநிலை இங்கு போதனையாற் பரவுவதில்லை. வாழ்வாதாரத்தின் ஊடாகவே அது பரவுகின்றது.

போதையை மூளை நோயெனக் காணும் கருத்தினை, போதைவஸ்து நிறுவகத்தின் இயக்குநர் அலன் லெஷ்னர் 1997இல் வலியுறுத்தினார். 2003இல் அவ்விடத்திற்கு வந்த நோரா வொல்கோவும் அதனையே முன்னெடுத்தார். இவர் லியோன் ட்ரொட்ஸ்கியின் கொள்ளுப்பேர்த்தி என்பது, துறையொன்றின் திசையைத் தீர்மானிப்பது குடும்ப மரபன்று, நிறுவனத்தின் அமைப்பே என்பதற்குச் சான்றாகும். இக்கருத்திற்கு முற்போக்கான பக்கமொன்றுண்டு. அடிமைப்பட்டவரைப் பாவியாகவும் குற்றவாளியாகவும் கண்ட ஒழுக்கவாதத்தை அது தாக்கியது. மனம் பருப்பொருளின் தொழிற்பாடு என்பதை மறுக்கும் தேவை பொருள்முதல்வாதிக்கு இல்லை. ஆனால் மூளையை அதன் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குவது இயந்திரப் பொருள்முதல்வாதமாகவே முடியும். வேலையின்மையும் யுத்தமும் தனிமையும் மூளைக்கு வெளியே உள்ளனவேயெனினும், அதனுள் தொழிற்படுகின்றன. விக்லரும் றொபின்ஸும் தந்த பாடம் இதுவே.

2008இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பின்கலாநிதி ஆய்வாளர் தொழிற்சங்கம் அங்கீகாரம் பெற்றது. 2022 நவம்பரில் அப்பல்கலைக்கழகத்தின் ஏறத்தாழ 48,000 கல்விசார் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில் அவர்களும் பங்குகொண்டனர். போதை நரம்பியல் பயிலப்படும் வளாகங்களும் அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்தனவே. அப்போராட்டத்தின் கோரிக்கைகள் ஊதியமும் வாழ்க்கைச் செலவும் பற்றியவை. ஆய்வின் வினாக்களைப் பற்றியவை அல்ல. எனினும் பதவிப் பாதுகாப்பற்றவர் சுதந்திரமாக வினவ முடியாதாகையால், முதலாவது கோரிக்கை இரண்டாவதற்கான முன்நிபந்தனையாகும். ஆய்வாளர் தம்மையும் வரலாற்றின் உற்பத்தியென உணரும்போதே, தாம் ஆராயும் மனிதரையும் வரலாற்றில் வைத்து நோக்குவது சாத்தியமாகும்.