நீலிக்கண்ணீரும் 328-ம்

நமக்கு ஊர் திருவாலங்காடு. சென்னை - அரக்கோணம் லோக்கல் வண்டில வந்து இறங்கிக்கலாம். ரத்தின சபை, காரைக்கால் அம்மையார்னு பெருமைக்குக் குறைச்சலே இல்லை. பக்கத்துலயே பழையனூர். "நீலிக்கண்ணீர்"ங்கற வார்த்தை கிளம்பினது இங்கேருந்துதான். பேய் ஒண்ணு பொண்டாட்டி வேஷத்துல வந்து அழுது வணிகனைக் கொன்னுச்சு, வாக்கு குடுத்த எழுபது வேளாளர் தீயில இறங்கினாங்க. இவ்ளோதான் எல்லாருக்கும் ஞாபகம். முற்பிறவில நம்பிக் கூட வந்த மனைவியை நகைக்காகக் காட்டுல கொன்னவனே அந்த வணிகன்தான்கறது பாதிப் பேருக்குத் தெரியாது. கொலை மறந்துபோச்சு, அழுகை மட்டும் வசைச்சொல்லா நின்னுடுச்சு.

மயக்க மருந்து குடுத்து நடக்கற பாலியல் வன்முறை பத்தின சட்ட வரலாறைப் படிக்கறப்ப நீலிதான் குறுக்கே குறுக்கே வந்தா.

19-ம் நூற்றாண்டுல வழிப்போக்கர்களுக்குச் சோத்துல ஊமத்தை விதையைக் கலந்து குடுத்துக் கொள்ளையடிக்கறது பெரிய தொழில். (அதே ஊமத்தைதான் சிவன் தலையில பூ!) 1860 இந்திய தண்டனைச் சட்டத்துல இதுக்குன்னே 328-வது பிரிவு இருந்துச்சு. குற்றம் செய்யறதுக்காக விஷமோ மயக்க மருந்தோ குடுத்தா 10 வருஷம் வரை சிறை. ஆனா பாலியல் வல்லுறவைச் சொல்ற 375-ல போதை பத்தி ஒரு வார்த்தை கிடையாது. போதையில குடுத்த சம்மதம் சம்மதம் ஆகாதுன்னு பொதுவா 90-வது பிரிவு சொன்னதோட சரி.

375-க்குள்ள அது வந்தது 1983-ல. அதுவும் சும்மா வரலை. காவல் நிலையத்துல நடந்த கொடுமை பத்தின மதுரா வழக்குல, 1978-ல உச்ச நீதிமன்றம் ரெண்டு போலீஸ்காரங்களை விடுவிச்சுது. உடம்புல காயம் இல்லை, எதிர்த்த அடையாளம் இல்லைங்கற மாதிரி வாதம். 1979-ல நாலு சட்டப் பேராசிரியர்கள் பகிரங்கக் கடிதம் எழுத, பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்து, சட்டம் மாறுச்சு. அவனே குடுத்தாலும் சரி, வேற ஆள் மூலமா குடுத்தாலும் சரி, மயக்க மருந்தால என்ன நடக்குதுன்னு புரியாத நிலையில சொன்ன "சரி" செல்லாது. கணக்குப் போட்டுப் பாருங்க, 123 வருஷம்!

காயத்தைத் தேடற கோர்ட்டுல, மயங்கிக் கிடந்தவ எங்கேருந்து காயம் காட்டுவா? மருந்து முதல்ல அழிக்கறதே ஞாபகத்தைத்தான். நம்ம பாஷைல சொன்னா, லாக் ஃபைலை அழிச்சுட்டு எர்ரர் என்னன்னு கேக்கறது. ஜிஹெச்பி மாதிரி சில மருந்துகள் சிறுநீர்லயே சுமார் 12 மணி நேரத்துல காணாமப் போயிடும். ஸ்டேஷனுக்குப் போலாமா வேணாமான்னு வீட்டுல பேசி முடிக்கறதுக்குள்ள சாட்சி போயிடுது. மிச்சம் இருக்கறது அவ சொல்றது மட்டும். அதுக்குத்தான் நாம ஏற்கெனவே ஒரு பேரு வெச்சிருக்கோமே.

ரயில்ல "அறிமுகம் இல்லாதவர் தரும் பிஸ்கட்டை வாங்காதீர்"னு எழுதி வெச்சிருப்பாங்க. திருட்டுக்கு அது சரி. சென்னை அயனாவரத்துல 2018-ல வெளிய வந்த வழக்கு நேர் எதிர். 11 வயசு சிறுமிக்குக் குளிர்பானத்துல மயக்க மருந்து கலந்து குடுத்தாங்கன்னு போலீஸ் சொன்னது அந்த அடுக்குமாடிக் குடியிருப்புலயே வேலை பார்த்த ஆளுங்களை. லிஃப்ட் இயக்கறவர், காவலாளி, பிளம்பர்... தினம் பாக்கற முகங்கள். 17 பேர் கைது. விசாரணை நடக்கறப்பவே ஒருத்தர் இறந்துட்டார், ஒருத்தர் விடுதலை. பிப்ரவரி 2020-ல போக்சோ நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளின்னு சொல்லி, அதுல 5 பேருக்கு ஆயுள் தண்டனை குடுத்துது.

2024 ஜூலை 1-லேருந்து பழைய சட்டத்துக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா. 328 இப்ப 123, 375 இப்ப 63. நீலிக்கண்ணீர் மட்டும் அகராதில அப்படியே இருக்கு.